கொல்லைக்கு ஏற்ற வான்கோழி

(திருமழிசையில் சிறு நிலக்காரர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நெல் விளைந்த நிலங்கள் பலவும் மனைகளாகவும் தொழிற்கூடங்களாகவும் கிடங்குகளாகவும் மாறிவரும் இத்திருமழிசைப் பகுதியில், வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட்டோ இருபது சென்ட்டோ கொல்லையும், அதில் ஒரு வேப்பமரமும், இரண்டு முருங்கையும், ஒரு கிணறும் மிஞ்சப்பெற்ற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அத்தகைய குடும்பத்தார் அக்கொல்லையில் வான்கோழி வளர்க்க விரும்பினால் எந்த இனத்தைத் தேர்ந்துகொள்வது, தேர்ந்துகொண்டதை எவ்வாறு சம்ரட்சிப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். ஆயிரக்கணக்கில் கொட்டகையில் அடைத்து வளர்க்கும் பண்ணைத் தொழிலைப் பற்றி நான் பேச வரவில்லை. அதன் முதலீடும் கணக்கும் நோக்கமும் வேறு. ஒரு சேவலும் நான்கைந்து பெட்டைகளும், ஆண்டுதோறும் அவற்றுக்குப் பிறக்கும் குஞ்சுகளும், அவற்றைக் காலையில் திறந்துவிட்டு மாலையில் எண்ணி அடைக்கும் ஒரு வீட்டுக்காரியும் என்கிற அளவிலேயே என் பேச்சு முழுவதும் அமையும்.

முதலில் இப்பறவையின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ தேசத்து மக்கள் பழக்கி வளர்த்த இதனைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார்கள். பின்னர் கடல்வழியாகக் கோவாவுக்கு வந்து சேர்ந்த பறவையை, 1612-ஆம் ஆண்டில் முகரப் கான் என்னும் பிரபு வாங்கிக்கொண்டு போய் ஜஹாங்கீர் பாதுஷாவின் சமூகத்தில் வைத்தபோது, அதன் தலையும் கழுத்தும் கணத்துக்குக் கணம் சிவந்தும் வெளுத்தும் நீலம் பாய்ந்தும் மாறுகிற விந்தையைக் கண்டு வியந்த பாதுஷா, அதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்ததோடு, சித்திரமாகவும் தீட்டுவித்தார். அவருடைய ஆஸ்தான ஓவியர் மன்சூர் தீட்டிய வான்கோழிச் சித்திரம் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளோ மூதுரையைப் படிக்கும்போது வான்கோழி என்ற பெயரை மயிலுக்கு எதிரே நிறுத்தி இகழ்ச்சியோடு கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பேரரசர் கண்கொட்டாமல் நோக்கிய அழகு அதற்கு உண்டு என்பதையும் அவர்களுக்குச் சொல்வது நம் கடமை.

இனி, பாரம்பரிய இனம் என்பது யாது என்ற கேள்விக்கு வருகிறேன். பழைமையான பெயர் இருப்பதாலோ, இறகின் நிறம் விசேஷமாக இருப்பதாலோ ஓர் இனம் பாரம்பரிய இனம் ஆகிவிடாது. அமெரிக்காவில் அருகிவரும் கால்நடை இனங்களைக் காக்க முனைந்துள்ள சங்கத்தார் இதற்கு மூன்று லட்சணங்களை வகுத்திருக்கிறார்கள். சேவலும் பெட்டையும் மனிதர் தலையீடின்றித் தாமே இணைந்து சந்ததி உண்டாக்க வேண்டும். பெட்டை ஐந்து முதல் ஏழு ஆண்டும், சேவல் மூன்று முதல் ஐந்து ஆண்டும் வெட்டவெளியில் வாழ்ந்து இனவிருத்திக்குப் பயன்பட வேண்டும். எலும்பும் உள்ளுறுப்புகளும் வலுப்பெற்ற பிறகே சதை பிடிக்கும்படி நிதானமாக வளர்ந்து, ஏறக்குறைய 28 வாரத்தில் விற்பனைக்குரிய எடையை அடைய வேண்டும். இம்மூன்றும் ஏன் வற்புறுத்தப்படுகின்றன என்றால், இன்றைய வியாபார உலகின் அகன்ற மார்புடைய வெள்ளை வான்கோழிக்கு இம்மூன்றுமே இல்லை. மார்புச் சதைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததன் விளைவாக, அவ்வினத்துச் சேவல் பெட்டையோடு இயல்பாக இணையும் சக்தியை இழந்துவிட்டது. மனிதன் கையால் விந்தெடுத்துப் பெட்டைக்குச் செலுத்தினாலன்றி அந்த வம்சம் ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். இந்த வியாபாரப் பறவை எங்கும் பரவியதால், பழைய இனங்களாகிய நாராகான்செட், பர்பன் ரெட், ஸ்லேட் முதலியவை எல்லாம் சேர்ந்து, அமெரிக்கா முழுவதிலும் 1997-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இனவிருத்திக்குரிய பறவைகள் 1,500-க்கும் குறைவாகவே எஞ்சின. பின்னர் சிறு குடியானவர்களும் பழைய சுவையை நாடிய வீட்டாரும் முனைந்து வளர்த்ததன் பயனாக, 2006-ஆம் ஆண்டில் அத்தொகை 8,800-ஐத் தாண்டியது. அரசாங்கக் கட்டளையால் அன்றி, கொல்லையில் ஐந்தும் பத்துமாக வளர்த்தவர்களால் நேர்ந்த மீட்சி அது.

அவ்வினங்களுள் ஒன்றின் சரித்திரம் நமக்கு நேரடியாகச் சம்பந்தமுடையது. மேரிலாந்து மாகாணத்துப் பெல்ட்ஸ்வில் என்னுமிடத்தில் அந்நாட்டு வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சி நிலையத்தார் 1934-ஆம் ஆண்டில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். சிறு குடும்பங்களுக்கும் சிறிய அடுப்புகளுக்கும் ஏற்றதாக, சிறிய உருவமும் வெள்ளை இறகும் நிறைந்த மார்பும் உள்ள ஒரு வான்கோழியை உண்டாக்குவதே அவர்களுடைய நோக்கம். பல இனங்களைக் கலந்து ஏழெட்டு ஆண்டுகளில் அவர்கள் உண்டாக்கிய பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனம், அடுத்த இருபது ஆண்டுகள் அமெரிக்க வீடுகளில் கொண்டாடப்பட்டு, உணவு விடுதிக்காரர்களும் இறைச்சித் தொழிற்சாலைக்காரர்களும் பெரிய பறவையையே கேட்கத் தொடங்கியதும் கைவிடப்பட்டு, 1970-களில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. பிறந்த நாட்டில் அவ்வாறு கைவிடப்பட்ட இனத்தின் ரத்தம் நம் சென்னையில் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோழியின ஆராய்ச்சி நிலையம் நந்தனத்தில் இருந்தபோது, நம் ஊர்ப்புறத்துக் கறுப்பு நாட்டு வான்கோழியையும் இந்தப் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளையையும் இணைத்து உண்டாக்கியதே நந்தனம் வான்கோழி-1. அந்நிலையம் இப்போது மாதவரம் பால்பண்ணை வளாகத்தில் இருக்கிறது. திருமழிசையிலிருந்து காலையில் புறப்பட்டால் வேலையை முடித்துக்கொண்டு பகலுணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.

ஆகவே நம் கைக்கு எட்டும் இனங்கள் நான்கு என்று சொல்லலாம். கறுப்பு நாட்டு இனம் ஒன்று. நந்தனம் இனம் ஒன்று. அகன்ற மார்புடைய வெண்கல இனமும் வெள்ளை இனமும் சேர்ந்த பெரும்பறவை வர்க்கம் ஒன்று. வடக்கே இசத்நகரில் உள்ள மத்திய பறவையின ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட காரி விராட் என்னும் வெள்ளை இனம் ஒன்று. இவற்றுள் பெரும்பறவை வர்க்கத்தைக் கொல்லைக்குக் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அதன் எடையைத் தாங்கக் கால்களுக்கு வலுவில்லை. மரமேற இறக்கைக்குச் சக்தியில்லை. சித்திரை வெயிலில் முதலில் மூச்சிரைத்து விழுவது அதுவே. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த ஆண்டுக் குஞ்சுக்கு நீங்கள் மறுபடியும் வியாபாரியின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். விரைவில் எடையும் ஓரளவு அதிக முட்டையும் வேண்டுவோர் நந்தனம் இனத்தை எடுத்துக்கொள்ளலாம். தீவனச் செலவைச் சுருக்கி, தானே அடைகாத்து, தானே குஞ்சை மேய்த்து, தலைமுறையாக நிலைக்கும் ஒரு சிறு மந்தையை விரும்புவோர் கறுப்பு நாட்டு இனத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். அது மெதுவாக வளர்கிறது என்று குறை சொல்வார்கள். மெதுவாக வளர்வது மேய்ந்து வளர்வதனால். மேய்ச்சலுக்கு நாம் விலை கொடுப்பதில்லை.

இனத்தை நிச்சயித்த பிறகு பறவையைப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். தாய்ப்பறவைகளை வாங்கப் போகிறவர், அவை கூண்டில் அடைபட்டிருக்கும்போது விலை பேசலாகாது. திறந்த வெளியில் விட்டு, சற்றே விரட்டி, நடையைப் பார்க்க வேண்டும். விரல்கள் கோணாமல் நேராக ஊன்றுகின்றனவா, இரண்டு கால்களிலும் பாரம் சமமாக விழுகிறதா என்று நோக்கிய பின், கையில் பிடித்து மார்பெலும்பை விரலால் தடவிப் பார்த்தால், அது வளைந்திருப்பின் குஞ்சுப் பருவத்தில் தீவனக் குறைவு நேர்ந்ததென்று ஊகிக்கலாம். கண் பிரகாசமாகவும் மூக்குத் துவாரம் உலர்ந்தும் இருக்க வேண்டும். சேவலானால் அலகின்மேல் தொங்கும் சதை, அது மிடுக்கோடு இறகை விரிக்கும்போது நீண்டு அலகுக்குக் கீழே இறங்குகிறதா, கழுத்துச் சதை ரத்தச் சிவப்பாகிறதா என்று பொறுமையோடு காத்திருந்து காண வேண்டும். நோயுற்ற சேவலுக்கு அச்சதை சுருங்கி வெளிறியே கிடக்கும். எல்லாவற்றிலும் முக்கியமாக, விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதன் தாய் அடைக்கு உட்கார்ந்து குஞ்சு பொரித்ததா? இக்கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்கிறவரிடம் வாங்குங்கள்.

அடுத்தது பருவம். நம்மவர்களுக்கு வான்கோழி என்றாலே கிறிஸ்துமஸ் விற்பனைதான் நினைவுக்கு வருகிறது. நியாயமே, வாங்குகிறவர் அப்போதுதான் வருகிறார். ஆனால் நிதானமாக வளரும் இனத்தை வைத்திருப்பவர் காலண்டரைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 28 வாரம் நிரம்பிய பறவை வேண்டுமானால் அது ஜூன் முதல் வாரத்தில் பொரிந்திருக்க வேண்டும். வான்கோழி முட்டை பொரிய 28 நாள் ஆகுமாதலால், மே இரண்டாம் வாரத்தில் அடை வைத்திருக்க வேண்டும். அதுவோ அக்கினி நட்சத்திரம். அந்த உஷ்ணத்தில், சேர்த்துவைத்த முட்டை அடைக்குப் போகுமுன்பே கரு கலங்கிக் கெட்டுவிடும்; அடையில் உட்கார்ந்த பெட்டையும் வாய் பிளந்து தவிக்கும். ஆகையால் பகல் நீளத் தொடங்கிப் பெட்டைகள் முட்டையிடும் காலத்தில், மாசி மாதத்திலேயே அடை வைத்து, பங்குனியில் குஞ்சு எடுத்துவிட வேண்டும் என்பது நான் கண்ட கிரமம். அப்படிச் செய்தால் குஞ்சுகளுக்குப் பகலில் சூரியனே கணப்பாகிறது. இரவில் மட்டும் ஒரு விளக்குப் போட்டால் போதும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அவை இறகு முற்றி நனைவதைத் தாங்கும் பருவத்தை அடைந்துவிடுகின்றன. டிசம்பரில் அவற்றுக்கு 38 வாரம் ஆகியிருக்கும். பத்து வாரம் அதிகமாகத் தீனி போட வேண்டியிருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தப் பத்து வாரத்தில்தான், முப்பதாவது வாரத்தை ஒட்டிப் பெட்டைகளின் பருவமும் சேவல்களின் சுபாவமும் தெளிவாகத் தெரிகின்றன. எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று அறிந்து முடிவு செய்ய அவகாசம் கிடைக்கிறது.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் காலையில் கூட்டைப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். வான்கோழி பெரும்பாலும் பிற்பகலில் முட்டையிடும். பத்தில் ஏழு முட்டை பகல் சாய்ந்த பிறகே விழும். பகல் முழுதும் வெளியே மேயவிட்டால் புதரோரமாய் இட்டுவிட்டு வந்து ஒன்றுமறியாததுபோல நிற்கும். கீரிக்கும் காக்கைக்கும் அது விருந்து. மதியத்துக்கு மேல் பெட்டைகளைக் கூட்டின் பக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது. முட்டை ஏறக்குறைய 85 கிராம் எடையும், மங்கலான நிறத்தில் பழுப்புப் புள்ளிகளும், ஒரு முனையில் நன்றாகக் கூர்ந்த வடிவும் உடையது. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 60 முதல் 100 வரை இடும். அடைக்கு வைக்க எண்ணும் முட்டையை ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. கூர்முனை கீழே இருக்கும்படி, ஈரமணல் பரப்பிய சட்டியின் குளுமையில் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

நம் கிராமங்களில் வான்கோழி முட்டையை நாட்டுக்கோழியின் கீழ் அடை வைப்பது பழக்கம். நாட்டுக்கோழி தன் முட்டைக்கு 21 நாள் உட்காரப் பழகியது. இதற்கு மேலும் ஒரு வாரம் உட்கார வேண்டும். நல்ல தாய் அதையும் பொறுத்து உட்கார்ந்து பொரித்துவிடும், அதில் ஐயமில்லை. என் ஆட்சேபணை வேறு. நாட்டுக்கோழி குஞ்சுக்குக் கொடுப்பது கணப்பை மட்டும் அல்ல. கரும்தலை நோய் என்னும் பெருவியாதியையும் சேர்த்தே கொடுத்துவிடக்கூடும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் கொல்லைகளில் வான்கோழிக் குஞ்சு ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்குப் பல இடங்களில் இதுவே விடை.

கரும்தலை நோய்க்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத ஓரணு உயிரி என்பதை அமெரிக்க விஞ்ஞானி தியோபால்ட் ஸ்மித் 1895-ஆம் ஆண்டில் விளக்கினார். அவ்வுயிரி தனியே மண்ணில் நெடுநாள் வாழாது. கோழியின் குடலில், பெருங்குடல் பையில் வசிக்கும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் புகுந்துகொண்டு, எச்சத்தோடு வெளியேறி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். மண்புழு அம்முட்டையை விழுங்கினால் மண்புழுவின் உடலிலும் தங்கும். நாட்டுக்கோழி இந்த உயிரியைச் சுமந்துகொண்டே பெரும்பாலும் ஆரோக்கியமாகத் திரியும். அதே மண்ணைக் கிளறி அதே மண்புழுவைத் தின்ற வான்கோழிக் குஞ்சோ, சில நாட்களில் இறக்கை தொங்கி, கண்மூடி, கந்தகத்தின் மஞ்சளாய்க் கழிந்து மடியும். இறந்ததை அறுத்துப் பார்த்தால் ஈரலில் வட்டவட்டமாய்க் குழிந்த புண்கள் தெரியும். இதற்கு நிச்சயமான ஔஷதம் இல்லை. அமெரிக்காவிலேயே 2015-ஆம் ஆண்டோடு அனுமதி பெற்றிருந்த கடைசி மருந்தும் விலக்கப்பட்டுவிட்டது. ஆகவே தற்காப்பு ஒன்றே வழி. நாட்டுக்கோழியும் வான்கோழியும் ஒரே கொல்லையில் ஒன்றாக மேயலாகாது. இடம் குறுகியவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டும் வேண்டுமென்பவர்கள் நடுவே வேலியிட்டு, கோழி மேய்ந்த பக்கத்தை வான்கோழிக்கு ஒருபோதும் திறக்கலாகாது. கோழிக்கூட்டை மிதித்த செருப்போடு வான்கோழிக் கூட்டுக்குள் நுழையவும் கூடாது. வான்கோழிப் பெட்டையே தன் முட்டையைப் பொரிக்கட்டும் என்று நான் வற்புறுத்துவதும், அடைக்கு உட்காரும் இனத்தையே தேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

குஞ்சு பொரிந்த முதல் பத்து நாளில் இறப்பவை பெரும்பாலும் பசியால் இறக்கின்றன. தீவனம் முன்னே நிறைந்திருக்கும், குஞ்சு அதன்மேலேயே நின்று கத்திக்கொண்டிருக்கும், கொத்தத் தெரியாது. தாயோடு இருக்கும் குஞ்சுக்கு அவள் அலகால் தரையைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொடுக்கிறாள். தாயில்லாமல் விளக்கடியில் வளர்க்கும் குஞ்சுக்கு நாம் அதைச் செய்ய வேண்டும். தீவனத் தட்டின் விளிம்பை விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் நான்கைந்து தலைகள் திரும்பும். அதில் ஒன்று கொத்தும். அதைப் பார்த்து மற்றொன்று கொத்தும். தட்டிலும் தண்ணீர்ப் பாத்திரத்திலும் பிள்ளைகள் விளையாடும் வண்ணக் கோலிக்குண்டுகளை இரண்டிரண்டு போட்டுவைத்தால், அந்தப் பளபளப்பைக் கொத்தப் போய்த் தீவனத்தையும் தண்ணீரையும் கண்டுகொள்கின்றன. பச்சை நிறத்தில் அவற்றுக்கு அளவற்ற பிரியம். முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கி மேலே தூவினால் தயக்கம் தீரும். முதல் பதினைந்து நாள், பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டையை உதிர்த்தும், லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்தும் கொடுக்கச் சொல்லி நம் பல்கலைக்கழக வல்லுநர்கள் உபதேசிக்கிறார்கள். வீட்டில் உள்ள பெண்பிள்ளைகள் இந்தப் பத்து நாளை ஏற்றுக்கொண்டால், கூலிக்கு வைத்த எந்த ஆளாலும் காப்பாற்ற முடியாத குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும்.

வான்கோழிக் குஞ்சுக்குப் புரதம் நிறைய வேண்டும். நூற்றுக்கு 28 பங்கு. கோழிக்குஞ்சுத் தீவனத்தையே கொடுத்துக்கொண்டிருந்தால் கால் வலுவிழக்கும். கரையான், கருவாட்டுத் தூள், அசோலா ஆகியவற்றால் இக்குறையை நிரப்பலாம். கடலைப் புண்ணாக்கைப் பற்றி மட்டும் எச்சரிக்கை செய்ய வேண்டும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் காரணம் புலப்படாமல் மாண்டன. தேடித் தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்ததும், அப்பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு ஈரலைத் தாக்கியதும் வெளிப்பட்டன. அஃப்லடாக்சின் என்னும் அந்த நஞ்சை உலகம் அறிந்துகொண்டதே வான்கோழியின் மரணத்தால்தான். பறவைகளில் வான்கோழியும் வாத்தும் அதற்கு மிக எளிதில் இரையாகின்றன. நம் பகுதியில் கார்த்திகை ஈரத்தில் மூட்டையின் அடியிலுள்ள புண்ணாக்கும் மக்காச்சோளமும் எத்தனை விரைவில் புழுங்கிப் போகின்றன என்பது தாய்மார்களுக்குத் தெரியும். முகர்ந்து பார்த்து, சிறிது வாடை வந்தாலும் எருக்குழியில் கொட்டிவிடுங்கள். கழுவிக் காயவைத்துக் கொடுப்பதால் நஞ்சு போகாது.

வளர்ந்த பறவைக்குப் பசுந்தீவனம் பாதி ஆகாரம். வேலிமசால், குதிரைமசால், முயல்மசால் ஆகிய மூன்றில் ஒன்றையாவது வேலியோரமாக விதைத்துவிடலாம். 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை தற்காலிகமாக நம் ஊருக்கு மாற்றப்பட்டபோது, கழித்துப் போட்ட கீரையும் முட்டைக்கோசு இலையும் எவ்வளவு குவிந்தன என்பதை நாம் எல்லோரும் கண்டோம். எந்தச் சந்தையிலும் அப்படிக் கழிவது உண்டு. அழுகாததைப் பொறுக்கி, மருந்தடித்த வாடை போக அலசி, நறுக்கிப் போட்டால் செலவில்லாத தீனி. ஓர் ஏக்கரில் 200 முதல் 250 பறவைகள் வரை மேய்க்கலாம் என்பது நூற்கணக்கு; அதாவது சென்ட்டுக்கு இரண்டு. இந்தக் கணக்கின் எல்லையைத் தொடாமல் அதில் பாதியோடு நிறுத்தி, கொல்லையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஓய்வு கொடுத்து மாற்றி மேய்ப்பதே உசிதம். இரவில் பறவை ஒன்றுக்கு மூன்று நான்கு சதுர அடி கூட்டுக்குள் வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் மண் நம்முடையதாகையால், கூட்டின் தரையை ஒன்றரை அடியாவது உயர்த்தி, உமி பரப்பி, ஈரமான உமியை அன்றன்றே அள்ளி எறிய வேண்டும். தெருநாய்க்குப் பயந்து வேலியை உயர்த்துவது செலவென்று நினைப்பவர்கள், ஒரே இரவில் மந்தை முழுவதையும் இழந்த வீடுகளை விசாரித்துப் பார்க்கட்டும்.

தடுப்பூசியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்திலும் மறுபடி ஆறாவது வாரத்திலும், அம்மைக்கு நான்கைந்து வாரத்தில், காலராவுக்கு எட்டு முதல் பத்து வாரத்துக்குள். அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டு, நாலைந்து வீட்டார் சேர்ந்து போனால் திறந்த மருந்துப் புட்டி வீணாகாது.

கடைசியாக, இனத்தைக் காப்பாற்றுவது எது, கெடுப்பது எது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் வியாபாரி, கொல்லையில் எது உயரமும் பாரமும் மிடுக்கும் உடையதோ அந்தச் சேவலையே கேட்கிறார். நல்ல விலையும் கொடுக்கிறார். நாமும் கொடுத்துவிட்டு, விலைபோகாத நோஞ்சானை அடுத்த ஆண்டுக்குத் தகப்பனாக வைத்துக்கொள்கிறோம். இப்படி ஐந்தாறு ஆண்டு நடந்தால் எந்த உயர்ந்த இனமும் சிறுத்துப் போகும். பழி இனத்தின்மேல் விழும். ஐப்பசியிலேயே மந்தையை நின்று பார்த்து, கால் வலுத்த, வேகமாக மேய்கிற, பெட்டையைக் காயப்படுத்தாமல் இணைகிற ஒரு சேவலையும், அடைக்கு உட்கார்ந்து அதிகக் குஞ்சைக் காப்பாற்றிய தாயின் மகள்களையும் குறித்து, காலில் ஒரு வளையம் மாட்டிவிடுங்கள். வளையம் மாட்டியது விற்பனைக்கில்லை. அதேசமயம் ஒரே சேவல் தன் மகள்களோடும் பேத்திகளோடும் இணைந்துகொண்டிருந்தால் முட்டையில் கரு நிற்காமலும் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்தும் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது சேவலை மாற்ற வேண்டும். வெள்ளவேடு, நேமம், குத்தம்பாக்கம், செம்பரம்பாக்கம் ஆகிய ஊர்களில் வளர்ப்பவர்கள் ஒருவரோடொருவர் சேவலை மாற்றிக்கொண்டால் பணம் செலவாகாது. மாற்றி வந்த சேவலை ஒரு மாதம் தனியே வைத்து நோயில்லையென்று தெரிந்தபின் சேருங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: வான்கோழிப் பெட்டை ஒருமுறை இணைந்தால் பல வாரங்களுக்குக் கருவுள்ள முட்டையை இட்டுக்கொண்டிருக்கும். ஆதலால் புதிய சேவலை விட்ட பிறகு சில வாரம் வரையில் பொரிகிற குஞ்சு பழைய சேவலுடையதாகவே இருக்கக்கூடும். அவற்றைப் புதிய வம்சமென்று எண்ணிக் குறித்துவிடாதீர்கள்.

இங்கே வந்திருப்பவர்களில் கறுப்பு நாட்டு வான்கோழியைத் தலைமுறையாக வைத்திருக்கும் வீட்டார் இருந்தால், கூட்டம் கலைவதற்கு முன் என்னிடம் ஊரையும் சேவல், பெட்டைகளின் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டுச் செல்லும்படி வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் எந்தச் சேவல் இருக்கிறதென்று தெரிந்தால்தான் வருகிற மாசிக்கு முன்பாக மாற்றிக்கொள்ள முடியும்.